பிரிட்டன் ஸ்பவுஸ் விசா: ஐயாயிரம் பவுண்டு வாங்கும் சேவை, ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரிலோ துபாயிலோ சென்னையிலோ குடித்தனம் நடத்தும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர், அந்தப் பாஸ்போர்ட் இல்லாத கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொண்டு பிரிட்டனுக்குத் திரும்ப நினைத்தால் வாங்க வேண்டியது பார்ட்னர் விசா. நம்மவர் வாயில் ஸ்பவுஸ் விசா. விற்பவர் ஒருவர்தான், பிரிட்டனின் உள்துறை அமைச்சகம். போட்டிக் கடை கிடையாது. ஐரோப்பிய நாடொன்றில் வேலை பார்த்துவிட்டுத் துணையோடு திரும்பும் ‘சுரீந்தர் சிங்’ வழி என்று முன்பு ஒரு பக்கவாசல் இருந்தது. 2022 மார்ச்சில் அதையும் சாத்திவிட்டார்கள். ஆகவே வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்க இங்கே ஒன்றுமில்லை. எந்த வகையை, எந்தக் கணக்கைக் காட்டி, எந்த நாளில் வாங்குவது என்பதில்தான் காசு மிஞ்சும் அல்லது கரையும்.

முதலில் விலை. 2025 ஏப்ரல் 9-ல் நடப்புக்கு வந்த பட்டியலின்படி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்டு. அதன் மேல் ஐ.எச்.எஸ். என்னும் மருத்துவக் கூடுதல் கட்டணம், பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. விசா 33 மாதத்துக்கு. ஆறு மாதத்தைத் தாண்டிய துண்டுக் காலத்தை முழு ஆண்டாக எண்ணுவதால் மூன்று ஆண்டுக்கான 3,105 பவுண்டை முன்பணமாகவே கறந்துவிடுகிறார்கள். ஆக 5,043. அது முடிந்ததும் 30 மாத நீட்டிப்புக்கு 1,321, அதற்கான ஐ.எச்.எஸ். 2,587.50. ஐந்து ஆண்டு ஆனதும் நிரந்தர வசிப்புக்கு 3,029. எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 11,980.50 பவுண்டு, ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு எல்லாம் தனி. இந்தக் கட்டணங்களை ஏப்ரல் மாதத்தில் ஏற்றுவது அவர்கள் வழக்கம். பணம் கட்டுகிற வாரத்தில் அரசுத் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் எல்லாம் தயாராக இருந்தால் ஏப்ரலுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கொடுத்த காசுக்குக் கிடைப்பதைக் குறை சொல்ல முடியாது. இறங்கிய நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம், சொந்தத் தொழில் செய்யலாம், முதலாளியை மாற்ற யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவமும் உண்டு. அரசின் உதவித்தொகைகள் மட்டும் கிடையாது. வேலை விசாவில் போய் ஒரே நிறுவனத்தின் தயவில் கிடப்பவர்களைக் கேட்டால் இதன் அருமை சொல்வார்கள்.

எந்த வகை

நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்தவர்களுக்கு ஃபியான்சே விசா இருக்கிறது. கட்டணம் அதே 1,938. ஆறு மாத விசா என்பதால் ஐ.எச்.எஸ். இல்லை. மலிவாகத் தெரியும், ஏமாறாதீர்கள். அந்த ஆறு மாதமும் வேலை பார்க்கக் கூடாது. அதற்குள் பிரிட்டனிலேயே பதிவுத் திருமணம் முடித்து, உள்ளே இருந்தபடி 1,321-ஐயும் 2,587.50-ஐயும் கட்டி இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும். மொத்தம் 5,846.50. நேராக ஸ்பவுஸ் விசா எடுப்பதைவிட 803.50 பவுண்டு கூடுதல். நிரந்தர வசிப்புக்கான ஐந்தாண்டுக் கணக்கும் அந்த இரண்டாவது அனுமதியில்தான் தொடங்கும். ஊரிலேயே பதிவு செய்துகொள்ள முடிகிறவர்களுக்கு இது தேவையில்லாத சுற்று.

மேரேஜ் விசிட்டர் விசா என்று ஒன்று உண்டு. பிரிட்டனில் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போகிறவர்களுக்கானது, குடியேற உதவாது. சாதாரண விசிட்டர் விசாவில் போய் அங்கேயே ஸ்பவுஸ் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்டுகள் இன்னமும் இருக்கிறார்கள். விசிட்டராக நுழைந்தவர் இப்படி மாறிக்கொள்ள விதியில் இடமில்லை. இதைச் சொன்னவரிடம் வேறெந்தக் கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்துவிடலாம்.

தாலியும் பதிவும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு, திருமணத்துக்கு ஒப்பான உறவு இரண்டு ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். 2024 ஜனவரி 31 முதல் அந்த இரண்டு ஆண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது.

குழந்தை இருந்தால் அதற்கும் விசா கட்டணம் கட்டக் கிளம்பும் முன் ஒன்று பாருங்கள். பிரிட்டனில் பிறந்து குடிமகனானவரோ, அங்கே வாழ்ந்து நேச்சுரலைசேஷன் மூலம் குடியுரிமை பெற்றவரோ பெற்ற பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும் பொதுவாகப் பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடிமகன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் எடுத்தால் போதும். பெற்றவரே வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியாகக் குடியுரிமை பெற்றவர் என்றால்தான் கதை வேறு.

29,000 என்னும் சுவர்

மற்ற எல்லா நிபந்தனையும் சேர்ந்து எடுக்கும் தலைவலியைவிட இது ஒன்று தரும் தலைவலி அதிகம். 2024 ஏப்ரல் 11-க்கு முன்பு ஸ்பான்சரின், அதாவது துணையை அழைத்துப்போகும் பிரிட்டிஷ்காரரின், ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு இருந்தால் போதும். அன்று முதல் 29,000. பிள்ளைகளுக்கென்று தனியாகக் கூட்டிக் காட்டும் பழைய ஏற்பாடு இப்போது இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிக்கும் குடும்பங்கள் முதலில் அதிர்வது இங்கேதான்: விசா கேட்பவரின் சம்பளம் கணக்கிலேயே வராது. மனைவி சிங்கப்பூரில் எவ்வளவு வாங்கினாலும் சரி, விண்ணப்பதாரர் அவர் என்றால் அந்தச் சம்பளத்துக்கு மதிப்பு சுழியம். அவருடைய சேமிப்பு, வாடகை வருமானம், ஓய்வூதியம் ஆகியவை மட்டும் எண்ணப்படும். சம்பளம் என்றால் ஸ்பான்சருடையதுதான்.

அந்த ஸ்பான்சரும் வெளிநாட்டில்தான் வேலை பார்க்கிறார் என்றால் சுவர் இரட்டைச் சுவராகிறது. சம்பளத்தைக் காட்ட விதியில் உள்ள ‘ஏ’ பிரிவில் போனால், ஒரே முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதம் 29,000 பவுண்டுக்கு ஈடான சம்பளத்தில் இருந்திருக்க வேண்டும். அது போதாது. திரும்பிய மூன்று மாதத்துக்குள் தொடங்கும் பிரிட்டன் வேலை ஒன்றுக்கான உறுதியான நியமனக் கடிதம் அல்லது கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டும், அதிலும் சம்பளம் 29,000-க்குக் குறையக் கூடாது. ஆறு மாதம் ஆகாதவருக்கு ‘பி’ பிரிவு: கடந்த 12 மாதத்தில் கைக்கு வந்த சம்பளம் மொத்தமாக 29,000 தொட வேண்டும், கூடவே அதே மாதிரியான நியமனக் கடிதம்.

துபாயில் உட்கார்ந்துகொண்டு மூன்று மாதத்தில் சேரும் வேலையை பர்மிங்ஹாமில் பிடிப்பது நடக்காத காரியமல்ல. ஆனால் விசா முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் வேலையில் சேரும் தேதியை உறுதி சொல்வது எந்த மேலாளரிடமும் சங்கடம்தான். இப்போதைய நிறுவனமே பிரிட்டனிலிருந்து வேலை பார்க்க அனுமதித்தால் வழி திறக்கும். ‘எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்’ என்று மேலாளர் போடும் மின்னஞ்சல் மட்டும் போதாது. வேலை இடம் பிரிட்டன், சம்பளம் இவ்வளவு, தொடங்கும் நாள் இது என்று எழுதிய கடிதமோ ஒப்பந்தமோ வேண்டும்.

இன்னொரு வழி, ஸ்பான்சர் முன்னே போய் பிரிட்டனில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது. ஆவணம் சுத்தமாக இருக்கும். ஆனால் ஆறு மாதமும் முடிவுக்கான காத்திருப்பும் சேர்ந்து குடும்பம் ஒன்பது மாதமாவது பிரிந்திருக்கும்.

சம்பள வழியில் பெரும்பாலான நிராகரிப்புகளுக்கு விதை போடும் இடம் ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு சம்பளச் சீட்டையும் அதே மாதத்து வங்கிக் கணக்கையும் அருகருகே வையுங்கள். சீட்டில் நிகரச் சம்பளம் 12,450 திர்ஹாம். வங்கியில் வந்தது 12,000. மிச்சம் 450 பெட்ரோல் படியாகத் தனியாக, நான்கு நாள் கழித்து வந்திருக்கிறது. உங்களுக்கு அது சாதாரணம். ஷெஃபீல்டில் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு, இரண்டு எண்ணும் பொருந்தாத ஒரு மாதம். ஆறு மாதமும் அப்படியே என்றால் ஆறு பொருத்தமின்மை. முதலாளி தரும் கடிதத்தில் ‘படித்தொகை தனியாக வரவு வைக்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தால் தீர்ந்தது. அந்தக் கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: வேலையில் இருப்பதை உறுதி செய்வது, மொத்தச் சம்பளம், எத்தனை காலமாக வேலை, எத்தனை காலமாக இந்தச் சம்பளம், நிரந்தரமா ஒப்பந்தமா. ‘இவர் நல்ல ஊழியர், விசா தந்து உதவுங்கள்’ என்ற பாராட்டுப் பத்திரம் எதற்கும் பயன்படாது.

மாதச் சம்பளக்காரருக்கு ஆறு மாதத்தில் எது குறைந்த சம்பள அளவோ அதைத்தான் ‘ஏ’ பிரிவில் எடுப்பார்கள். நான்காம் மாதம் சம்பளம் உயர்ந்து 29,000-ஐத் தாண்டியிருந்தால், தாண்டிய மாதத்திலிருந்து ஆறு எண்ணுங்கள். நடுவில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஊருக்குப் போன மாதம் இருந்தால் அங்கே கணக்கு அறுந்துவிடக்கூடும். விளக்கம் இல்லாமல் அனுப்பவே கூடாது.

சேமிப்பு வழி

பணம் திரட்ட முடிகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு இதுதான். வேலையும் வேண்டாம், நியமனக் கடிதமும் வேண்டாம். சூத்திரம் எளிது: 16,000 பவுண்டு, அதோடு வருமானத்தில் விழும் பள்ளத்தின் இரண்டரை மடங்கு. வருமானமே காட்டவில்லை என்றால் 29,000 × 2.5 = 72,500; 16,000-ஐக் கூட்ட 88,500. வருமானம் கொஞ்சம் இருந்தால் தொகை சட்டென்று இறங்கும். லெஸ்டரில் இருக்கும் வீட்டிலிருந்து ஆண்டுக்கு 9,000 பவுண்டு வாடகை வருகிறது என்று வையுங்கள். பள்ளம் 20,000. அதன் இரண்டரை மடங்கு 50,000, ஆக சேமிப்பு 66,000 போதும். வீடு லெஸ்டரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை; வேளச்சேரியில் இருக்கும் ஃபிளாட்டின் வாடகையும் செல்லும், பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் பன்னிரண்டு மாத வங்கி வரவும் காட்ட முடிந்தால். வாடகையை ரொக்கமாக வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே அதை வங்கி வழியாக மாற்றுங்கள். சொந்தத் தொழில் வருமானத்தோடு மட்டும் இந்தச் சேமிப்பைக் கலக்க முடியாது.

பணம் ஆறு மாதம் முழுக்கக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் 88,500-க்குக் கீழே இறங்கினாலும் அந்த இறங்கிய தொகைதான் உங்கள் சேமிப்பு. இந்திய ரூபாயிலோ இலங்கை ரூபாயிலோ வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒளிந்திருக்கும் குழி, நாணய மாற்று. விண்ணப்ப நாளன்று ஓஆண்டா தளத்தின் மாற்று விகிதத்தில் கணக்கிடுவார்கள். சரியாக விளிம்பில் வைத்துவிட்டு, பவுண்டு ஏறியதால் தொகை போதாமல் போனால் அழுது பயனில்லை. நூற்றுக்குப் பத்து கூடுதலாக வைப்பது புத்திசாலித்தனம்.

எது எண்ணப்படும், எது படாது என்பதில் நம் வீட்டுப் பணத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. லாக்கரில் நூறு சவரன் இருந்தாலும் இந்த விசாவுக்கு அது இரும்பு. விற்றுப் பணமாக்கினால், பணம் வங்கிக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் எண்ண வேண்டும். வீடோ மனையோ விற்ற பணத்துக்கு மட்டும் சலுகை: சொத்து உங்கள் பெயரில் இருந்தது, இன்ன தேதியில் விற்றது, கடன் போக இவ்வளவு வந்தது என்று காட்டினால் சொத்தாக இருந்த காலமும் அந்த ஆறு மாதத்தில் சேரும். பத்திரத்தில் எழுதி வங்கி வழியாக வந்த தொகைதான் தொகை. மஞ்சள் பையில் வாங்கியதை யாரிடமும் காட்ட முடியாது. பங்கு, மியூச்சுவல் ஃபண்டு ஆகியவற்றை விற்றுப் பணமாக்கியதற்கும் இதே சலுகை உண்டு.

ஃபிக்சட் டெபாசிட் செல்லும், அபராதம் கட்டியாவது உடனே உடைக்க முடியும் என்று வங்கி எழுதித் தந்தால். நம் வங்கிகளில் டெபாசிட் ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது போதாது, ஆறு மாதமும் இருப்பில் இருந்ததைக் காட்டும் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் கடன் எடுத்திருந்தால் விட்டுவிடுங்கள். பி.எஃப். பணம், எல்.ஐ.சி. பாலிசி போன்று நினைத்த நாளில் எடுக்க முடியாதவை சேராது. அப்பா தந்த பணம் செல்லும். அது கடன் இல்லை, அன்பளிப்பு என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், அவர் கணக்கிலிருந்து வந்ததற்கான வங்கிச் சான்றும் கூட இருக்கட்டும். சீட்டு எடுத்த பணமென்றால் சீட்டு நிறுவனத்தின் ரசீது. பெரிய வரவு ஒவ்வொன்றுக்கும் ‘எங்கிருந்து’ என்ற கேள்வி உண்டு.

ஒரு நாளைச் சுற்றி எல்லாம்

ஆன்லைன் படிவத்தைச் சமர்ப்பித்துப் பணம் கட்டும் நாள்தான் விண்ணப்ப நாள். கைரேகை கொடுக்கப் போகும் நாள் அல்ல. வங்கி அறிக்கையின் கடைசித் தேதி அந்த நாளுக்கு 28 நாளுக்கு முன்னதாக இருக்கக் கூடாது. ஆங்கிலத் தேர்வின் சான்று இரண்டு ஆண்டுக்கு, காசநோய்ச் சான்று ஆறு மாதத்துக்கு. பயண நாள், விண்ணப்ப நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இருக்கலாம். இந்த நான்கு கடிகாரமும் ஒரே நாளைச் சுற்றித்தான் ஓடுகின்றன. முதலில் அந்த நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எதுவும் காலாவதியாகாது. எல்லாரும் செய்வது தலைகீழ்: முதலில் காசநோய்ப் பரிசோதனைக்கு ஓடிவிடுகிறார்கள், பிறகு சேமிப்புக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்று தெரிந்து அந்தச் சான்று வீணாகிறது.

இந்தியா, இலங்கை இரண்டும் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமான நாடுகளின் பட்டியலில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். வேறு பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் செல்லாது. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம் பிடிக்கும். சிறுவயதில் காசநோய் வந்து குணமானவர்கள் இந்த எட்டு வாரத்தை முன்பே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டியலில் இல்லாத நாட்டில் கடைசி ஆறு மாதமாவது வசித்துவருபவருக்குப் பொதுவாக இந்தப் பரிசோதனை வேண்டாம். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைவிட எங்கே வாழ்ந்தார் என்பதே இங்கே கணக்கு.

ஆங்கிலம் ஏ1 என்னும் தொடக்க அளவில் பேசவும் கேட்கவும் தெரிந்தால் போதும். ஐ.ஈ.எல்.டி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்பது இதற்கென்றே உள்ள சிறு தேர்வு. மதிப்பெண் இல்லை, தேறினார் தேறவில்லை அவ்வளவுதான். வழக்கமான ஐ.ஈ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் 8 வாங்கியிருந்தாலும் அது பிரிட்டன் விசாவுக்கென அங்கீகரித்த வகை இல்லையென்றால் குப்பைக்கூடைக்குத்தான். இந்தத் தேர்வைத் தேவைக்கு மேலே பி1 அளவில் எழுதிவிடுவது லாபம்: நீட்டிப்புக்கு ஏ2, நிரந்தர வசிப்புக்கு பி1 என்று ஏணி ஏறிக்கொண்டே போகிறது, ஒரே கல்லில் அடித்துவிடலாம். ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்கள் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் நிறுவனத்திடம் இணைச்சான்று வாங்கினால் தேர்வே வேண்டாம். அது பிரிட்டன் பட்டத்துக்கு இணை என்பதும், ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது என்பதும் இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

தாலியும் எழுத்தும் பெயரும்

மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டுவிட்டுப் போனதற்கான வீடியோவைவிடப் பதிவாளர் தந்த ஒற்றைத் தாள் கனமானது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணப் பதிவு கட்டாயம். கோயில் ரசீதையும் மண்டப ரசீதையும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ‘எழுத்து’ என்னும் பதிவு ஒரு நாள், தாலிகட்டு இன்னொரு நாள் என்று மாதக்கணக்கில் இடைவெளி விழுவதுண்டு. படிவத்தில் திருமண நாள் என்று கேட்டால் எழுத்து நடந்த நாளைப் போடுங்கள், தாலிகட்டிய நாளை விளக்கக் கடிதத்தில் சொல்லுங்கள். கணவர் ஒரு தேதியும் மனைவி ஒரு தேதியும் எழுதிவைத்தால் அதிகாரி மூன்றாவதாக ஒன்றைச் சந்தேகிப்பார். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றுக்கு, மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்ற உறுதிமொழி எல்லாம் உள்ள ஆங்கிலப் பிரதி வேண்டும்.

பெயர் நம் பரம்பரைச் சிக்கல். பிறப்புச் சான்றில் ‘க. விக்னேஸ்வரன்’, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும், பட்டச் சான்றில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறு. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, ‘வேறு பெயர்கள்’ என்ற கேள்வியில் மற்ற வடிவங்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். தமிழர்கள் தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்வார்கள் என்று விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி எழுதினால் போதும்.

பேசிப் பார்த்துச் செய்த கல்யாணம் என்பதால் உறவுக்குச் சான்று குறைவாக இருக்குமே என்ற பயம் பலருக்கு. பேசிச் செய்த கல்யாணத்தை விதி குறைத்துப் பார்ப்பதில்லை. இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், உறவு உண்மையாகத் தொடர வேண்டும். வெளிநாட்டில் சேர்ந்தே வாழும் தம்பதிக்கு இந்தப் பகுதி எளிது: இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள், காலவரிசையில் இருபது படம். வாட்ஸ்அப் அரட்டை நானூறு பக்கம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும், யாரும் நானூறையும் படிக்கப் போவதில்லை.

வீடு

திரும்பிப் போகிறவர்கள் முதலில் அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ இறங்குவார்கள். அது செல்லும், நெரிசல் இல்லாதவரை. கணக்கு இப்படி: இரண்டு அறைக்கு மூன்று பேர், மூன்று அறைக்கு ஐந்து பேர், நான்கு அறைக்கு ஏழரை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை எண்ணிக்கையில் இல்லை, பத்து வயதுக்குள் அரை ஆள். கூடமும் அறையாக எண்ணப்படும், சமையலறை படாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், யார் யார் எந்த அறையில் என்ற விவரம், நிலப் பதிவகத்திலிருந்து 7 பவுண்டுக்கு இறக்கும் சொத்துப் பதிவு. வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரின் அனுமதியும். வீட்டை அளந்து அறிக்கை தரும் ஆட்கள் காசு கேட்பார்கள். அந்த அறிக்கை கட்டாயமில்லை.

படிவமும் மையமும்

ஆன்லைன் படிவம் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது: சேமித்துவிட்டுத் திரும்பி வரலாம், கேள்விகள் தெளிவு. பத்தாண்டுப் பயண வரலாறு கேட்கும் இடத்தில்தான் மூச்சு வாங்கும். பழைய பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். மறுப்பு மன்னிக்கப்படும், மறைத்தது மன்னிக்கப்படாது. படிவத்துக்கு எங்கள் மதிப்பெண் பத்துக்கு எட்டு. விதிகளின் வழிகாட்டுக் குறிப்புக்கு நான்குகூட அதிகம். எந்த ஆவணம் வேண்டும் என்பது ஒரு பக்கத்திலும், அது எப்படி இருக்க வேண்டும் என்பது விதிகளின் பின்னிணைப்பான அப்பெண்டிக்ஸ் எஃப்.எம்.-எஸ்.இ. என்னும் இன்னொரு காட்டிலும் கிடக்கிறது.

பணம் கட்டியதும் விண்ணப்ப மையத்தில் நேரம் பதிவு செய்து, ஆவணங்களை நீங்களே ஏற்றலாம். மையத்தில் ஸ்கேன் செய்து தரக் காசு வாங்குவார்கள், தேவையில்லை. வீட்டிலேயே வகைவாரியாக ஒரே கோப்பாக்கி, ‘சேமிப்பு’, ‘திருமணம்’, ‘வீடு’ என்று பெயரிட்டு ஏற்றினால் தெளிவாகவும் இருக்கும். சொகுசு அறை, எஸ்.எம்.எஸ். தகவல் இரண்டும் வீண். நடுவில் பயணம் இருந்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளும் சேவைக்கு மட்டும் காசு கொடுக்கலாம்.

முடிவுக்கு 12 வாரம் என்பது அறிவிக்கப்பட்ட கால அளவு. கூடுதலாக 500 பவுண்டு கட்டினால் 30 வேலை நாள் இலக்கு. ஆவணத்தில் சிக்கல் உள்ளவர்கள் இந்த 500-ஐக் கட்டாதீர்கள். விசாரணை தேவைப்படும் கோப்பு வரிசையை விட்டு விலகிவிடும், பணம் திரும்பாது. பி.ஆர்.பி. என்னும் வசிப்பு அனுமதி அட்டைகளின் காலம் 2024-ஓடு முடிந்துவிட்டது, அனுமதி இப்போது இ-விசாவாக இணையக் கணக்கில் இருக்கும். விமானம் ஏறும் முன் அந்தக் கணக்கில் பாஸ்போர்ட் எண் சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறுத்துவிட்டால் ஐ.எச்.எஸ். திரும்ப வரும், 1,938 வராது. மனித உரிமை அடிப்படையில் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வெளிநாட்டில் இருப்பவருக்கு 28 நாள் உண்டு. நேரடி விசாரணைக்கு 140 பவுண்டு, தாள்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய 80. ஒரு வங்கி அறிக்கை விடுபட்டதால் மறுக்கப்பட்டது என்றால் தீர்ப்பாயத்தின் வரிசையில் நிற்பதைவிடப் புதிய விண்ணப்பம் போடுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். உறவே உண்மையில்லை என்று எழுதி மறுத்திருந்தால் விடாதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள். அந்த வரி கோப்பில் தங்கினால் அடுத்த விண்ணப்பத்திலும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார்கள். அதற்கு வழக்கறிஞர் வேண்டும். பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை தருகிறவர் சொலிசிட்டர் போன்ற தகுதிபெற்ற வழக்கறிஞராகவோ, 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று அழைக்கப்பட்ட இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அரசுத் தளத்தில் தேடிப் பாருங்கள், பிறகு பணம் கொடுங்கள்.